காப்பகம் கட்டுவதற்கு முன் பெட்டைக் குட்டிகளை எண்ணுங்கள்

புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். அவருடைய ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கம் கட்டாக்காலி நாய்களுக்கு ஒரு காப்பகம் கட்ட எண்ணி, புலம்பெயர்ந்து வாழும் ஊரவர்களிடம் பணம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. கனடாவில் இருக்கும் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்து, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்குள் எவரும் வளர்க்கக் கொண்டுபோகாத நாய்களை ஊசி மருந்தால் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும், அல்லாவிட்டால் காப்பகம் தாங்காது, வெளிநாடுகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது அவருடைய வாதம். சங்கத் தலைவரோ, வைரவரின் வாகனத்தைக் கொன்ற பழி ஊருக்கு வேண்டாம், எத்தனை நாய் வந்தாலும் கடைசிவரை சோறு போடுவோம் என்கிறார். இருவருமே இரக்கத்தோடுதான் பேசுகிறார்கள், யார் சொல்வதை ஏற்பது என்று ஆசிரியை கேட்கிறார்.

நான் கால்நடை வைத்தியராக வன்னியிலும் அதற்கு வெளியிலும் நெடுங்காலம் வேலை செய்தவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலமாக இருக்கும் ஒரு நாயை, அதற்கு இடமில்லை என்ற காரணத்துக்காகக் கொல்லக்கூடாது. அதேவேளை, கொல்லமாட்டோம் என்ற உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு நூறு நாய்களைக் கம்பிக் கூட்டுக்குள் அடைப்பதும் அவற்றுக்கு நன்மையாகாது. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி, காப்பகத்தைக் கட்டி அது நிறைந்த பிறகுதான் வருகிறது. உங்கள் ஊர் இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை. ஆகவே பணத்தை எங்கே முதலில் செலவிடுவது என்பதை வைத்தே இந்தக் கேள்விக்குப் பெரும்பகுதி விடை கண்டுவிடலாம்.

சொல் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வலி தீரும் வழியே இல்லாத விலங்கின் உயிரை, அதன் நன்மைக்காக முடித்துவைப்பதே கருணைக்கொலை. காட்டுப்பன்றிக்கு வைத்த பன்றிவெடியைக் கடித்துத் தாடை முழுவதும் சிதறிய நாய்களை வன்னியில் வேலை செய்த ஒவ்வொரு கால்நடை வைத்தியரும் பார்த்திருப்பார். சுருக்குத்தடத்தில் இடுப்பு அறுந்து, புழு வைத்து, பல நாள் கழித்துக் காட்டோரத்தில் கண்டெடுக்கப்பட்டவற்றையும், ஏ9 வீதியில் முள்ளந்தண்டு முறிந்து பின்னுடலை இழுத்துக்கொண்டு போகின்றவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய விலங்குக்கு ஊசி போடத் தயங்கி, பாவம் என்று சொல்லித் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டுப் போவது அதன் வேதனையை நீட்டுவதாகும். உங்கள் தலைவரிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள். ஆனால் நன்றாகச் சாப்பிட்டு, ஓடி, வாலாட்டும் நாயைத் தொண்ணூற்றோராம் நாள் கொல்வதற்கு அதே பெயரைச் சூட்டக்கூடாது. அங்கே முடித்துவைக்கப்படுவது நாயின் துன்பமன்று, நமக்கிருக்கும் இடநெருக்கடி. கொலையைக் கொலை என்று சொல்லும் ஊர் அதைக் குறைக்க வழி தேடும். ‘தூங்க வைத்தல்’ என்று சொல்லப் பழகிய இடங்களில் அது பல்லாண்டுகள் கேள்வியில்லாமல் நடந்திருக்கிறது.

கனடாவில் இருக்கும் அன்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. வட அமெரிக்காவின் காப்பகங்கள் மிகப் பெருந்தொகையான நலமான நாய்களையும் பூனைகளையும் கொன்றிருக்கின்றன. அது எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்குப் பயன்படும். 1866 இல் நியூயோர்க்கில் ஹென்றி பெர்க் என்பவர் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். அக்காலத்தில் அந்த நகரம் பிடிபட்ட நாய்களை இரும்புக் கூட்டில் அடைத்து ஆற்றில் அமிழ்த்திக் கொன்றுவந்தது. நகரத்தின் நாய்ப்பட்டியைப் பொறுப்பேற்கும்படி கேட்கப்பட்டபோது பெர்க் மறுத்தார், காக்க வந்த சங்கம் கொல்லும் சங்கமாகிவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1888 இல் அவர் இறந்தார். 1894 இல் அதே சங்கம் நகரத்தின் நாய்பிடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டு, ஏறத்தாழ நூறாண்டு காலம் அதைச் செய்தது. ஆற்றில் அமிழ்த்துவதைவிட மென்மையான முறைகள் வந்தன என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கை குறையவில்லை, முறை மென்மையானதும் மனச்சாட்சியின் உறுத்தல்தான் குறைந்தது. நல்ல மனிதர்கள் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஒன்று, வருகின்ற எல்லாவற்றையும் வாங்கி வைக்கும் பொறுப்பை ஏற்ற ஒரே காரணத்தால் அப்படி மாறியது. உங்கள் சங்கம் கையெழுத்திடுமுன் யோசிக்க வேண்டிய இடம் இது.

அந்தப் போக்கு அங்கேயே மாறியும் இருக்கிறது. 1970களில் அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுதோறும் கோடிக்கு மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். மேலே சொன்ன அதே சங்கத்தின் மதிப்பீட்டின்படி 2011 இல் அது 26 இலட்சமாகவும், 2019 இல் ஏறத்தாழ 9 இலட்சத்து 20 ஆயிரமாகவும் இறங்கியது. இறக்கத்தின் தொடக்கம், 1971 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் குறைந்த கட்டணத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும் நிலையத்தைத் திறந்த காலத்தை ஒட்டியது. பிறகு ஊருக்கு ஊர் அத்தகைய நிலையங்கள் வந்தன. 1994 இல் சான் பிரான்சிஸ்கோவில் ரிச்சர்ட் அவன்சினோ தலைமையிலான சங்கம், நலமான எந்த நாயும் பூனையும் இந்த நகரத்தின் காப்பகங்களில் கொல்லப்படாது என்று நகரத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ‘கொல்லாக் காப்பகம்’ என்ற இயக்கம் நாடெங்கும் பரவுவதற்கு அது பெரும் உந்துதலாயிற்று. வளர்க்க எடுத்துச் செல்வோர் பெருகியதும் இதில் ஒரு பங்கு, மறுக்கவில்லை. ஆனால் பிறப்பைக் குறைக்காமல் வீடு தேடிக்கொடுப்பதால் மட்டும் எந்த நகரமும் இந்த நிலைக்கு வந்ததில்லை. ஆகவே உங்கள் அன்பர் சொல்லும் மூன்று மாத விதி, அந்த நாடுகளே கைவிட முயன்றுகொண்டிருக்கும் பழைய விதி.

கொல்லாமை இயக்கத்தை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பீட்டா அமைப்பு அவர்களில் முன்னிற்கிறது. கொல்லமாட்டோம் என்று அறிவிக்கும் காப்பகம், நிறைந்ததும் கதவை மூடிவிடுகிறது, மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் நாய் பசியாலோ வாகனத்தாலோ நஞ்சாலோ சாகிறது, அந்தச் சாவு காப்பகத்தின் கணக்கில் வராமல் போகிறது, அவ்வளவுதான் என்கிறார்கள் அவர்கள். அதில் பொய் இல்லை. இத்தாலி 1991 இல் கொண்டுவந்த 281 ஆம் இலக்கச் சட்டம், நோயோ ஆபத்தோ இல்லாத நாயைக் கொல்வதைத் தடுத்தது, அதன்பின் நாட்டின் தெற்குப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான நாய்கள் சிறு கூடுகளுக்குள் பிறவி முழுவதையும் கழிக்கும் நிலை ஏற்பட்டது. தாய்வான் 2017 பெப்ரவரியில் காப்பகக் கொலையை நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டில், விலங்குகள் மீது கொண்ட அன்பால் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த இளம் பெண் வைத்தியர் ஒருவர், நலமான நாய்களைக் கொல்ல வேண்டியிருந்த வேதனையாலும் அதற்காகத் தன்மீது விழுந்த ஏச்சாலும் தன் உயிரையே விட்டார். கொல்லும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் கைகழுவிக்கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவருடைய சாவைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. தடை வந்தபின் அங்கே காப்பகங்கள் நெரிசலில் தவித்தன என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். நூறு நாய்களுக்கான காப்பகம் என்று வையுங்கள். தடுப்பூசியும் நேரத்துக்குச் சோறும் கிடைத்தால் நாய் பத்தாண்டுக்கு மேலும் வாழும். ஆகவே நிறைந்துவிட்ட காப்பகத்தில் சாவினால் வெறுமையாகும் இடம் ஆண்டுக்குப் பத்து. நம் பெட்டை நாய் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் இரண்டு மாதம், ஓர் ஈற்றில் நான்கோ ஐந்தோ குட்டி. உங்கள் ஊரில் இரண்டே பெட்டைகள் ஓராண்டில் ஈனும் குட்டிகள் அந்தப் பத்து இடத்தையும் நிரப்பி மிஞ்சும். சோற்றுக் கணக்கையும் பாருங்கள். அரிசி, மீன் தலை, விறகு, ஆள் கூலி, மருந்து எல்லாம் சேர்த்து நாயொன்றுக்கு நாளைக்கு 150 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் நூறு நாய்க்கு மாதம் 450,000 ரூபாய், ஆண்டுக்கு 54 இலட்சம். அன்பர் தரும் பெருந்தொகை கட்டடத்துக்குப் போய்விட்டால் இது எங்கிருந்து வரும்? இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயத்துக்கு உங்கள் சங்கத்தவர் ஒருமுறை போய், நாள் முழுவதும் அங்கே நின்று, காலையில் சமைப்பதிலிருந்து இரவில் கூடு கழுவுவது வரையான வேலையைப் பார்த்துவிட்டு வந்து பேசுவது நல்லது.

இன்னொன்றையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். காப்பகம் இருக்கிறது என்ற செய்தி பரவியவுடன், அதுவரை வீட்டில் எப்படியோ சமாளித்து வைத்திருந்த குட்டிகளையும் உரப்பையில் கட்டி இரவோடிரவாக மதிலுக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வரும். இப்போது அவை சந்தையிலும் பாடசாலை வாசலிலும் வைரவர் கோயில் முன்றலிலும் விடப்படுகின்றன. வாகனமாக வணங்குகிறவரின் வாசலில் கண் திறவாத குட்டியை விட்டுச் செல்வதில் பக்தி எதுவும் இல்லை என்பதைக் கோயில் சபையாரே சொன்னால் சனம் கேட்கும். குட்டிகளை நெருக்கமாக வைத்தால் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோய்கள் நுழைந்து ஒரு கிழமைக்குள் கூட்டத்தையே வாரிக்கொண்டு போய்விடும். காப்பாற்றக் கொண்டுவந்த இடத்தில் நாற்பது குட்டிகளைப் புதைத்தவர்களை நான் அறிவேன், அவர்கள் அதன்பிறகு அந்தப் பணிக்குத் திரும்பவில்லை.

கட்டாக்காலி என்று நாம் ஒரே சொல்லில் அழைத்துவிடுகிறோம். ஆனால் வன்னியில் வீதியில் நிற்கும் நாய்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் வளவுக்கு உரியவை. இரவில் படலையடியில் படுத்து யானைக்கும் கள்ளனுக்கும் குரைக்கும், பகலில் வீதிக்குப் போகும். வேறு சில, ஒரு கடைத்தெருவோ மீன்வாடியோ சேர்ந்து வளர்ப்பவை. முறிகண்டியில் பேருந்து நிற்கும் இடத்தில் நிற்பவற்றை எல்லோரும் அறிவார்கள். யாருக்கும் உரித்தில்லாத நாய்களின் தொகை நாம் நினைப்பதைவிடக் குறைவு. அவையும் வானத்திலிருந்து வந்தவையல்ல, வீட்டு நாய் ஈன்று வேண்டாமென்று விடப்பட்ட பெட்டைக் குட்டிகளின் வழிவந்தவை. கடுவன் குட்டியைக் கேட்டு வாங்கிப் போவோர் உண்டு, பெட்டையை எவரும் கேட்பதில்லை. உரப்பைக்குள் கிடப்பவற்றைப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் பெட்டைகள்தான்.

வன்னிச் சனத்துக்கும் நாய்க்கும் இடையில் மற்ற இடத்தாருக்கு எளிதில் விளங்காத ஒன்று இருக்கிறது என்பதால் இதையும் எழுதுகிறேன். போரின் கடைசிக் கட்டத்தில், 2008 இலும் 2009 இன் முதல் மாதங்களிலும் மேற்கிலிருந்து கிழக்காக இடம்பெயர்ந்தபோது, நாயை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், அவிழ்க்க நேரமில்லாமல் வந்தவர்களும் இருக்கிறார்கள். மெனிக் பாம் முகாமிலிருந்து மீள்குடியேறித் திரும்பியபோது, கூரையில்லாத வீட்டின் வாசலில் படுத்திருந்த தம் நாயை அடையாளம் கண்டவர்கள் சிலரோடு நான் பேசியிருக்கிறேன். இடமில்லை, வைத்திருக்க வசதியில்லை, ஆகவே இந்த உயிர் மிகை என்று ஒரு பட்டியல் போடப்படும்போது இந்த மண்ணில் அதைக் கேட்கும் காது வேறுவிதமானது. உங்கள் தலைவர் வைரவரின் பெயரில் சொல்வது அந்தக் கூச்சத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கூச்சம் காப்பாற்றி வைக்கத்தக்கது.

கொல்வதால் தொகை குறையுமா என்பதற்கு என் கையால் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சேவைக்கு வந்த புதிதில், வன்னிக்கு வெளியே, ஒரு நிறுவனத்தின் வளாகத்தில் திரிந்த பதினொரு நாய்களை அகற்றித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எல்லாம் நலமான நாய்கள். அவற்றுக்கு நாள்தோறும் மிச்சச் சோறு வைத்த சமையற்கார அம்மாவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிடித்துத் தந்தார். ஊசி என்று மட்டுமே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது, அவர் அதைத் தடுப்பூசி என்று எண்ணியிருந்தார். மூன்றாவது நாய்க்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. எட்டு மாதம் கழித்து வேறு அலுவலாக அங்கே போனபோது அதே வளாகத்தில் ஒன்பது நாய்கள் நின்றன. சமையற்கட்டின் பின்னால் இருந்த கழிவுக் குழி அப்படியே திறந்து கிடந்தது. ஓரிடத்தில் எத்தனை நாய் வாழும் என்பதை அங்கே கிடைக்கும் உணவும் ஒதுங்கிடமும் தீர்மானிக்கின்றன. பழைய நாய்களை அகற்றினால் அயலில் உள்ளவை அந்த வெற்றிடத்துக்கு வரும், பிறக்கும் குட்டிகளில் தப்பிப் பிழைப்பவை கூடும்.

விசர்நோய் விடயத்தில் இது இன்னும் பாரதூரமானது. 2008 இல் இந்தோனேசியாவின் பாலித் தீவில் விசர்நோய் புகுந்தபோது பெருந்தொகையாக நாய்களைக் கொன்றார்கள், நோய் தீவு முழுவதும் பரவியது. தடுப்பூசி ஏற்றிய நாய்களும் அதில் கொல்லப்பட்டன, அவற்றின் இடத்துக்கு ஊசி போடாத குட்டிகள் வந்தன, பிடிப்பவர்களுக்குப் பயந்து சனம் தங்கள் நாய்களை வேறு ஊர்களுக்குக் கடத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு தெளிவானது: நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோயின் சங்கிலி அறும், கொல்வதால் அறாது. நம் நாட்டின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1893 ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் திரியும் நாய்களைப் பிடித்து அழிக்க அதிகாரம் கொடுத்தது, நூறாண்டுக்கு மேல் அது நடந்தது, அப்படி நடந்துகொண்டிருந்த 1973 இல் 377 பேர் அந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவதும், கடிபட்டவருக்கு வைத்தியசாலையில் ஊசி கிடைப்பதும் பரவலான பிறகே அது இறங்கியது. 2006 இல் நலமான நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசு அறிவித்தது. கொல்வதை நிறுத்தினால் சாவு பெருகும் என்று அப்போது அஞ்சியவர்கள் இருந்தார்கள், ஆனால் அது தொடர்ந்து இறங்கி, அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பது என்ற அளவில் நிற்கிறது. அந்த இருபதும் நேரக்கூடாத சாவுகள்தான். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போவதை நீங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டிப் பழக்கினால் அது எந்தக் காப்பகத்துக்கும் குறையாத பணி.

பணத்தை முதலில் எங்கே வைப்பது என்றால், பெட்டைகளுக்கான கருத்தடையில். ஒரு பெட்டைக்கு மருந்து, வைத்தியர் கூலி, பிடித்துக் கொண்டுவந்து திரும்ப விடும் செலவு எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும், நூறு நாய்க்கு ஓராண்டு சோறு போடும் அந்த 54 இலட்சத்தில் 720 பெட்டைகளுக்குச் செய்துவிடலாம். உங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சேர்த்தே அத்தனை பெட்டை இருக்காது. கடுவன்களை முதற் சுற்றில் விட்டுவிடுங்கள், ஒரு கடுவன் மிஞ்சினாலும் பல பெட்டைகள் சினைப்படும், ஆகவே கடுவனுக்குச் செலவிடும் பணம் பிறப்பைக் குறைப்பதில் கொஞ்சமே பயன் தரும். நான்கு முதல் ஆறு மாதத்துக் குட்டியில், முதற் பருவத்துக்கு முன்பே செய்துவிடுவது சிறந்தது. வீட்டு நாய்களிலிருந்து தொடங்குங்கள், பிடிப்பதும் பின்னர் புண்ணைப் பார்ப்பதும் எளிது. பொதுநோக்கு மண்டபத்தில் முகாம் வைத்து, கிராம அலுவலரோடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் பேசி அதே நாளில் விசர்நோய்த் தடுப்பூசியையும் ஏற்றி, காதில் சிறு வெட்டு அடையாளம் இட்டு விடுங்கள், அடுத்த ஆண்டு எது செய்தது எது செய்யாதது என்று தூரத்திலிருந்தே தெரியும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றலாம். அதை வேண்டாமென்று வீட்டுக்காரர் தடுப்பது நம் ஊர்களில் வழக்கம், பொறுமையாக விளக்க வேண்டும். நாட்டில் கால்நடை வைத்தியரை உருவாக்குவது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஒன்றுதான், வடக்கில் நிற்பவர்கள் கொஞ்சப் பேர், அவர்களுக்கு மாடும் ஆடும் கோழியும் பார்க்கவே நாள் போதாது. ஆகவே முகாமுக்கு வெளியிலிருந்து குழுவை அழைக்கும் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பு நகரத்தில் 2007 அளவில் புளூ போ அறக்கட்டளை தொடங்கிய வேலையும், சென்னையில் 1996 இலிருந்து நடந்த கருத்தடை வேலையும் இந்த வழியில் நடந்தவையே. சென்னையில் அதற்கு முன் மாநகராட்சி நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாய்களைக் கொன்றும் தெருக்களில் நாய் குறையவில்லை.

ஆடு வளர்ப்போர் இதற்கு எதிராகப் பேசுவார்கள், அவர்களுக்கும் மதிப்புக் கொடுங்கள். இரவில் கூட்டமாக வந்த நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஒரு குடும்பத்தின் ஆறு ஆட்டையும் குதறிவிட்டால், அந்தத் தாய்க்கு நாயின் வாழ்வுரிமை பற்றிப் பேசிப் பயனில்லை. கருத்தடை செய்த நாய் மறுநாளே ஆட்டைத் துரத்துவதை விட்டுவிடாது. பட்டிக்கு வலுவான கம்பிவலை அடிக்கவும், இழந்தவருக்கு ஒரு பங்கை ஈடு செய்யவும் அதே நிதியில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். நஞ்சு வைத்த இறைச்சியைப் போடும் வழக்கம் அப்போதுதான் நிற்கும். சந்தையிலும் இறைச்சிக் கடையிலும் மண்டபங்களிலும் கொட்டப்படும் கழிவைப் பிரதேச சபை மூடிய கொள்கலனில் எடுத்துச் செல்லும்படி செய்யுங்கள், ஆனால் ஒரே நாளில் முற்றாக நிறுத்தாமல் படிப்படியாகச் செய்ய வேண்டும், பசித்த கூட்டம் ஆட்டுப்பட்டியைத்தான் தேடும். பூனைகளுக்கும் கருத்தடை வேண்டும், முதல் ஆண்டில் நாயோடு நில்லுங்கள்.

காப்பகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து இடம் போதும். வெளியில் வாழ முடியாதவற்றுக்கு மட்டும்: கால் இழந்தவை, குருடானவை, சத்திரசிகிச்சைக்குப் பின் காயம் ஆறவேண்டியவை, தாயில்லாத குட்டிகள். பொதுவாசலில் வாங்கும் வழக்கம் வைக்காதீர்கள், எது உள்ளே வரவேண்டும் என்பதைச் சங்கத்தில் இருவரும் வைத்தியரும் சேர்ந்து தீர்மானியுங்கள். கருணைக்கொலைக்கும் அதே மூவர் வேண்டும். நோவு தீருமா, மருந்து உண்டா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும், இடம் உண்டா என்ற கேள்வி அந்தப் பேச்சில் வரவே கூடாது. பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டியோடு திரியும் நாய்களைப் பார்த்து இனிப் பிழைக்காது என்று நினைக்கிறார்கள். அது இணைசேரும்போது தொற்றும் ஒருவகைப் புற்று, வின்கிறிஸ்டின் ஊசி கிழமைக்கு ஒன்றாகச் சில கிழமை போட்டால் பெரும்பாலும் முற்றாக மாறிவிடும். சொறியால் உரோமம் எல்லாம் உதிர்ந்ததும் அப்படித்தான், இரண்டு மாதத்தில் வேறு நாயாகிவிடும். முடிவெடுத்த பின்னர், வைத்தியரே முதலில் மயக்கி, அளவுக்கு மேற்பட்ட மயக்கமருந்தை நாளத்தில் ஏற்ற வேண்டும். வேறு எந்த வழியையும் எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் திகதி, காரணம், மூவரின் கையொப்பத்தோடு எழுதி, பணம் தருவோர் எப்போது கேட்டாலும் காட்டுங்கள்.

2025 ஓகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியின் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்கும்படி கட்டளையிட்டது. பதினொரு நாள் கழித்து, மூன்று நீதியரசர் அடங்கிய அமர்வு அதை மாற்றி, விசர்நோயோ மூர்க்கமோ உள்ளவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடும்படி பணித்தது. அத்தனை பெரிய நகரத்தாலேயே அடைத்து வைக்க முடியாததை முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமம் ஒன்று தாங்க வேண்டியதில்லை என்று அன்பருக்கு எழுதுங்கள். மூன்று மாத நிபந்தனையை அவர் விலக்கிக்கொள்ளும்படி கேளுங்கள். அதற்குப் பதிலாக ஒரு கணக்கை அவருக்கு வாக்களியுங்கள்: ஊரில் எத்தனை பெட்டைகள், அவற்றில் எத்தனைக்குச் செய்தாயிற்று, இந்த மாதம் எத்தனை குட்டிகள் உரப்பையில் வந்தன என்று மாதந்தோறும் அனுப்புங்கள். கணக்கெடுப்பை உங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமைகளில் துவிச்சக்கரவண்டியில் சுற்றி முடித்துவிடுவார்கள்.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். புரட்டாதி, ஐப்பசியில் பெட்டைகள் கூடுதலாகப் பருவத்துக்கு வருகின்றன, மாரி மழைக்குள் குட்டிகள் விழுகின்றன. வருடப்பிறப்பு முடிந்தவுடன் முகாமைத் தொடங்கி ஆவணிக்கு முன் முதற் சுற்றை முடித்தால், புண் ஈரம் படாமல் ஆறும், வருகிற மார்கழியில் சந்தை வாசலில் கிடக்கும் உரப்பைகள் குறையும். முதற் குழுவுக்கு வைத்தியரை ஒழுங்கு செய்வதிலும், மருந்துப் பட்டியல் தயாரிப்பதிலும் என்னால் ஆனதைச் செய்கிறேன்.